ஓடைக்கு மேலே பெயர் கிடையாது

17 நவம்பர், ஞாயிறு. மூன்றாவது மரத்தடி.
இன்றைய தவறு: காலையில் பை கட்டும்போது தேத்தே இமாஸின் இன்ஹேலரை என் பையில் வைத்துவிட்டேன். எங்கள் இரண்டு பையும் ஒரே நீலம். அவளும் அவள் கணவரும் முன்னால் போய்விட்டார்கள். நான்காவது மரத்தில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். சின்னத் தவறு.

எழுதியதை நினிங் ஒருமுறை படித்துப் பார்த்தாள். இமாஸ் அவளுக்குத் தேத்தே, கூடப் பிறந்த அக்கா. 'சின்ன' என்று போட்டது சரியா என்று சந்தேகம் வந்தது. அடிக்கலாமா, விடலாமா? மாலை வகுப்பு ஆசிரியர் அந்த மாதம் முழுக்கக் கொடுத்திருந்த வேலை இதுதான்: தினமும் ஒரு குறிப்பு, அதில் அன்று செய்த ஒரு தவறு, மறுநாள் செய்யவேண்டிய ஒரு வேலை. மற்றவர்கள் படுக்கப்போகும்முன் நாலு வரி கிறுக்கிவிடுவார்கள். நினிங்குக்கு அப்படி முடியாது. பகலெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில் இலையைத் தரம் பிரிக்கிற கை அது. எதையும் கண்ட இடத்திலேயே அதன் குவியலில் போட்டால்தான் அவளுக்கு மனது ஆறும்.

"எழுதி முடிச்சியா, இல்லையா? நீ முடிக்கறதுக்குள்ள இந்த மரம் இன்னொரு சுத்து பெருத்துடும்" என்றாள் கோகோம்.

கோகோமுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பள்ளி வாசலில் பலகாரம் பொரித்து விற்பவள். அடுப்பை அணைத்த கையோடு எண்ணெய் வாசனையுடன் மாலை வகுப்பில் வந்து நினிங்குக்குப் பக்கத்தில் உட்காருவாள். இப்போது ரசமாலா மரத்தின் அடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலில் ஏறியிருந்த அட்டையை உப்புத் துணியால் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

மரத்தைச் சுற்றிக் கட்டிப்பிடிக்க அவர்கள் இருவரின் கைகளும் போதவில்லை. சாம்பல் பூத்த அடிமரம் ஒரு கிளைகூட விடாமல் நேராக மேலே போய், கண்ணுக்கெட்டாத இடத்தில்தான் இலை விட்டிருந்தது. இப்படி ஏழு மரங்கள் அந்த மலை முதுகில் இருக்கின்றன. டச்சுக்காரர்கள் சரிவையெல்லாம் மழித்துத் தேயிலை வைத்தபோதும், பிறகு ஜப்பான்காரர்கள் வந்து மிச்சத்தை வெட்டியபோதும் தப்பியவை. ஊரில் எந்த வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தாலும் அந்த ஏழு தலைகளும் தெரியும். தெரிவதாலேயே யாரும் ஏறிப் பார்த்ததில்லை. இமாஸின் கணவன் ஓமான்தான் கிளப்பிவிட்டான். பெகாசி நகரத்தில் மோட்டார் கம்பெனி வேலை. வார இறுதியில் மட்டும் ஊருக்கு வருபவன். "பண்டுங்லேர்ந்து ஆளுங்க வந்து படம் பிடிச்சுப் போடறாங்க. உங்க வீட்டுக் கொல்லை. நீங்க பாத்ததில்லைன்னு சொன்னா சிரிப்பாங்க" என்றான்.

காலையில் ஓடையைத் தாண்டும்போதே சிறு உரசல் வந்தது. ஓடைக்கு மேலே யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பமாலி, ஆகாத காரியம். காட்டில் இருப்பது பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளும். தெரிந்த குரலிலேயே பிறகு கூப்பிடும் என்பார்கள். அதனால் ஏறுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள். கோகோம் தன் கடைப் பலகையிலிருந்தே பெயர் எடுத்தாள்.

"நான் வறுத்த வாழைப்பழம். நீ டோஃபு. வெளுப்பா, உப்பில்லாம இருக்க, பொருத்தமாத்தான் இருக்கு. இமாஸு, உனக்கு மரவள்ளி வைக்கட்டுமா?"

இமாஸ் சிரித்துக்கொண்டே வாய் திறக்கப் போனாள். ஓமான் குறுக்கே புகுந்தான்.

"எனக்கு ஒரே பேருதான். அல்லா முன்னாடி அதச் சொல்லித்தான் கூப்பிடப் போறாங்க. இந்த மரத்துக்கெல்லாம் பயந்து பேர மாத்திக்கறதா?"

கணவனின் முகத்தைப் பார்த்துவிட்டு இமாஸ் சிரிப்பை மடித்துக்கொண்டாள். "எனக்கும் வேண்டாம் பிபி" என்று சித்தி முறை வைத்துக் கோகோமிடம் சொன்னாள்.

அக்கா பொய் சொல்கிறாள் என்று நினிங்குக்குத் தெரியும். சிறு வயதில் இருவருக்கும் அம்மா ஒரே பாயில் படுக்கவைத்துச் சொல்லிக்கொடுத்தது அது: காட்டில் பெயர் கேட்டால் பதில் சொல்லாதே. கையால் வாயைப் பொத்து. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார். மனிதக் குரல் மாதிரிதான் இருக்கும், ஏமாறாதே.

"எழுந்திரு டோஃபு" என்றாள் கோகோம். "ஆகாயம் கறுக்குது."

நினிங் பையை மாட்டினாள். கறுக்கவில்லை, வெளுத்துக்கொண்டு வந்தது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி, முதலில் பாதையோர ஃபெர்ன்களை விழுங்கியது, பிறகு பாதையை. அவர்கள் சாய்ந்திருந்த மரத்தைத் திரும்பிப் பார்த்தபோது அதன் அடி மட்டும் ஒரு பெரிய மிருகத்தின் கால் போல நின்றது. மேலே ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"இமாஸ்! இமாஸ்!"

கோகோம் நினிங்கின் கையைப் பிடித்தாள். "யாரு அது?"

"காங் ஓமான் குரல் மாதிரி இருக்கு." அக்காவின் கணவனை அண்ணன் முறையில் 'காங்' என்றுதான் நினிங் கூப்பிடுவாள்.

"மாதிரியா? அவருதானே?"

இருவரும் ஓடினார்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓமான் நின்றுகொண்டிருந்தான். ஒரு கிளைப்பாதை நான்காவது மரத்துக்கு. மற்றது இரட்டை மரத்துக்கு. அவன் மழைச்சட்டை தோளிலிருந்து பாதி நழுவித் தொங்கியது.

"இங்கதான் உக்காந்திருந்தா" என்றான் ஒரு கல்லைக் காட்டி. "எனக்கு ஏற முடியல, நீங்க போய்ப் படம் எடுத்துட்டு வாங்கன்னா. போனேன். ரெட்டை மரம் தோ, கூப்பிடு தூரந்தான். திரும்பி வந்தா பனி. ஆளக் காணோம்."

"ஒதுங்கப் போயிருப்பா" என்றாள் கோகோம்.

"எத்தன நேரமா கத்தறேன்! ஒதுங்கப் போனவ பதில் சொல்ல மாட்டாளா?" அவன் இரு கைகளையும் வாயருகே குவித்து மறுபடி கத்தினான். பனி அதை வாங்கிக்கொண்டது. எதிரொலிகூட வரவில்லை. பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "பரவால்ல. அவகிட்ட மருந்து இருக்கு. மூச்சு வாங்கினாலும் ரெண்டு தடவை இழுத்துக்குவா. அது ஒண்ணுதான் ஆறுதல்" என்றான்.

சொல்லாமல் இருக்க முடியுமா என்று நினிங் ஒரு கணம், ஒரே ஒரு கணம், யோசித்தாள்.

"இல்ல காங். அது என்கிட்ட இருக்கு."

"எது?"

"இன்ஹேலர். பை மாறிடுச்சு. இப்பத்தான் பாத்தேன். நாலாவது மரத்துல குடுத்துடலாம்னு..."

ஓமான் அவளையே பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்திலிருந்து ஏதோ ஒன்று மெல்ல இறங்கிப் போயிற்று. போன மழைக்காலத்தில் இமாஸுக்கு உதடு நீலம் பாரித்து, முட்டைக்கோஸ் ஏற்றின லாரியில் அவளைக் கிடத்தி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மூன்று பேருக்கும் ஞாபகம் இருந்தது. குளிரும் பயமும் இந்த நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கே இரண்டுமே இருந்தன.

"வலப் பக்கம் பள்ளம்" என்றாள் கோகோம் மெதுவாக. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. தேடத்தான் வேண்டும். கயிறு இருந்தால் கட்டிக்கொண்டு இறங்கலாம். இருந்தது நினிங் மரத்தை அளக்கக் கொண்டுவந்த சணல் நூல்தான். கோகோம் வந்த வழியே பார்த்துக்கொண்டு போவதென்றும், ஓமான் இரட்டை மரத்துப் பாதையில் போவதென்றும், நினிங் நடுவில் கல்லருகே சுற்றிப் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. யாரும் பாதையை விட்டு விலகக்கூடாது. ஓமான் போய்க்கொண்டே கத்தினான். நாலடி, ஒரு கத்தல். நாலடி, ஒரு கத்தல். "இமாஸ்! நான்தான்! இமாஸ்!"

நினிங் கல்லைச் சுற்றிக் குனிந்து பார்த்தாள். ஒழுங்காகப் பார்க்க வேண்டும். முதலில் கல்லை ஒட்டி, பிறகு ஒரு வட்டம், பிறகு அதைவிடப் பெரிய வட்டம். ஈர இலைகள். மிதிபட்ட ஒரு ஃபெர்ன். அது அக்காவின் காலா, ஓமானின் காலா? ஒரு வேர் மீது பாசி உரிந்திருந்தது. இன்றைக்கா, நேற்றா? தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் அடையாளம் போலவும் இருந்தது, ஒன்றுமில்லாதது போலவும் இருந்தது. இன்ஹேலரை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பிளாஸ்டிக் அவள் சூட்டில் வெதுவெதுப்பாகிவிட்டது. இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நன்றாக மூச்சு விடுகிறேன் என்று நினைத்தாள். அதற்குமேல் அந்த நினைப்பில் நிற்க முடியவில்லை.

பனிக்குள் எங்கோ கிப்பன் குரங்கு ஒன்று நீளமாகக் கூவி நிறுத்தியது. பிறகு பின்னாலிருந்து வந்தது:

"நினிங்!"

அவள் உடம்பு கல்லாயிற்று.

"நேங் நினிங்! ஏ நினிங்!"

கூப்பிட்டது பெண் குரல். கோகோமின் குரலேதான். கரகரப்பும், இளையவளைச் செல்லமாக 'நேங்' என்று இழுக்கிற இழுப்பும் அவளுடையதே. அப்படித் தெரிந்தும் நினிங்கின் கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது. முழங்கால் மடிந்தது. பாசி உரிந்த அந்த வேரை மற்றக் கை பிடித்துக்கொண்டது. அவள் மூச்சைக்கூட அடக்கினாள்.

பனியைக் கிழித்துக்கொண்டு கோகோம் வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"செவிடாடி நீ? தொண்டை கிழியக் கூப்பிடறேன், இங்க தவளை மாதிரி உக்காந்திருக்க! அந்தப் பக்கம் ஒண்ணுமில்லன்னு சொல்லத்தான்..." சட்டென்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். "அஸ்தக்ஃபிருல்லா. பேரச் சொல்லிட்டேனா? பதட்டத்துல வாய் தவறிடுச்சு. டோஃபு. டோஃபு. போதுமா?"

நினிங் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. கோகோமைப் பார்த்தபடியே இருந்தாள்.

"என்னடி அப்படி முழிக்கற?"

"பிபி... எனக்கு நீங்கதான்னு தெரியும். அப்பவும் பதில் வரல."

"அதுக்கு?"

"அக்காவுக்கும் கேக்குது. அவ பேரத்தான் அவரு கத்திக்கிட்டு இருக்காரு."

கோகோமுக்குப் புரிய இரண்டு மூச்சு நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் முகம் மாறிற்று. தூரத்தில் ஓமானின் குரல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. இமாஸ். இமாஸ். ஒவ்வொன்றும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் ஒருத்தியின் கையை இன்னும் இறுக்குகிறது. அல்லது அவளை எழுப்பி அந்தக் குரலை விட்டு விலகி, பள்ளத்துப் பக்கம் நகர்த்துகிறது.

ஓமானைப் பிடிப்பதற்குள் நினிங் இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். அவன் இரட்டை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். ஒரே அடியிலிருந்து கிளம்பிய இரண்டு பெரும் தண்டுகள் அவன் தலைக்கு மேலே பனியில் கரைந்து போயிருந்தன. அவன் குரல் உடைந்துவிட்டிருந்தது.

"காங், கத்தாதீங்க."

"என்ன?"

"கொஞ்ச நேரம் கத்தாதீங்க. நீங்க பேரச் சொல்றீங்க. அதான் அவ பேச மாட்டேங்கறா."

"அவ உன்னை மாதிரி இல்ல. அவளே பேர் வேண்டாம்னு சொன்னா, நீயும் கேட்டல்ல?"

"உங்க முன்னாடி சொன்னா."

ஓமான் ஓர் அடி முன்னால் வந்தான். "இங்க பாரு. என் பொண்டாட்டி மூச்சில்லாம எங்கயோ கெடக்கறா. மருந்து உன் பையில. இப்ப நான் வாய மூடணும், மரத்துல பேய் இருக்குன்னு. அப்படித்தானே?"

அவன் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் சரி. நினிங் நினைப்பது சரியாக இருந்தால், அவன் கத்துவது அக்காவைத் தள்ளிக்கொண்டே போகிறது. தவறாக இருந்தால், அக்கா திசை தெரியாமல் அவன் குரலைப் பிடித்துத்தான் வந்துகொண்டிருக்கிறாள். அதை இப்போது அறுத்தாயிற்று. எது என்று சோதித்துப் பார்க்க வழியில்லை. அவள் ஒருபோதும் எதிலும் அவ்வளவு உறுதியாக இருந்தவள் இல்லை. தேயிலையில்கூட சந்தேகமான இலையை மேற்பார்வையாளரிடம் காட்டிவிட்டுத்தான் போடுவாள்.

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். அதுவரை அக்காவின் கணவனை அவள் தொட்டதே இல்லை.

"நான் தப்பா இருந்தா அப்புறம் என்ன வேணா செய்யுங்க. இப்ப நிறுத்துங்க. கல்லுகிட்ட வாங்க. என்னைக் கூப்பிட விடுங்க."

ஓமான் அவள் கையை உதறவில்லை. வாயை மூடினான்.

மூவரும் கல்லருகே வந்தார்கள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அக்காவுக்குக் காட்டுப் பெயர் கிடையாது, வேண்டாமென்றுவிட்டாள். மரவள்ளி என்றால் அவள் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வாளா? 'அக்கா' என்றால்? அதையும் எதுவும் சொல்லிவிடலாம். காட்டில் இருக்கிற எதற்கும் தெரிந்திருக்க முடியாத ஒன்று வேண்டும். வீட்டுக்குள் மட்டும் புழங்கிய ஒன்று.

அது ஞாபகம் வந்தபோது அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று. பக்கத்தில் ஓமான் நின்றுகொண்டிருந்தான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் இமாஸ் அவள் காதைப் பிடித்துத் திருகி, இனி எந்தக் காலத்திலும் அதைச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

"மொட்டை!" என்று கத்தினாள் நினிங்.

கோகோம் திடுக்கிட்டுத் திரும்பினாள். பனி அசையவில்லை.

"மொட்டை! ஏ மொட்டை!"

எங்கோ இலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஓமான் முணுமுணுத்தான், "யா அல்லா, நேரம் போகுது." அவன் கைகள் மறுபடி வாய்க்கு ஏறின. நினிங் பார்க்காமலே கையை நீட்டி அதைத் தடுத்தாள்.

"பேன் புடிச்ச மொட்டை! அம்மா சிரைச்சு விட்டப்ப அழுது மூக்கு ஒழுகின மொட்டைத் தலைச்சி! என் ரிப்பன இன்னும் திருப்பித் தரல நீ!"

முதலில் ஒரு இருமல். மெல்லியது, அடைபட்டது. பிறகு, அவர்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே, கல்லெறி தூரம்கூட இல்லாத இடத்திலிருந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இழுத்து இழுத்து ஒரு குரல் வந்தது.

"உன்... வாயக்... கிழிச்சிருவேன்... டி..."

பாதையின் ஓரம் ஃபெர்ன் மூடியிருந்த இடத்தில் மண் சரிந்திருந்தது. அதற்குக் கீழே, எந்தக் காலத்திலோ சாய்ந்த ஒரு ரசமாலாவின் வேர்க்கட்டு குகை மாதிரிக் கவிழ்ந்து கிடந்தது. நினிங் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினாள். இமாஸ் அந்த வேர்களுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டிருந்தாள். ஒரு கால் கோணலாக மடங்கி வீங்கியிருந்தது. அவள் தோள்கள் மூச்சுக்கு மூச்சு காதுவரை ஏறி இறங்கின. தொண்டைக்குள் விசில் சத்தம். உதட்டின் ஓரம் அந்தப் பழைய நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

நினிங் மூடியைக் கழற்றினாள். அது கை நழுவி எங்கோ இலைக்குள் விழுந்தது. போகட்டும். குலுக்க வேண்டும். குலுக்கினாள். முதல் தடவை அழுத்தியபோது இமாஸால் இழுக்க முடியவில்லை. மருந்து புகையாக வாய்க்கு வெளியே வழிந்து போனது.

"வெளிய விடு மொதல்ல. முழுசா விடு. இப்ப இழு."

மறுபடி. இந்த முறை கொஞ்சம் உள்ளே போயிற்று.

"அடக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம். விடு."

மேலே விளிம்பில் ஓமான் மண்டியிட்டிருந்தான். இறங்க இடமில்லை, இறங்கினால் மண் அவர்கள்மேல் சரியும். அவனும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான் என்பது அவன் விடும்போதுதான் தெரிந்தது. நினிங் மறுபடி குலுக்கினாள், மறுபடி அழுத்தினாள். விசில் சத்தம் நிற்கவில்லை. நிற்காது, உடனே நிற்காது, டாக்டர் அப்படித்தான் சொன்னார் என்று தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். அக்காவின் முதுகில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த முதுகு ஒரு கணம் ஏறாமல் நின்றபோது இவளுக்கு உலகமே நின்றது. பிறகு அது இறங்கியது; மெதுவாக, முன்னைவிட ஆழமாக. அடுத்ததும் அப்படியே. தோள்கள் காதை விட்டுக் கீழே வந்தன.

"ரிப்பன்" என்றாள் இமாஸ். "நீதான்டி தொலைச்ச."

கோகோம் மேலேயிருந்து சிரிக்கவும் அழவும் தொடங்கினாள். "மரவள்ளின்னு எவ்ளோ மரியாதையா ஒரு பேரு குடுத்தேன்! வேண்டாமாம். மொட்டைதான் வேணுமாம்!"

சணல் நூலை நாலு மடிப்பாக முறுக்கிக் கக்கத்தில் கட்டி, ஓமானும் கோகோமும் மேலேயிருந்து இழுக்க, நினிங் கீழேயிருந்து தள்ள, இமாஸ் பாதைக்கு வந்து சேர்ந்தாள். ஓமான் தன் மழைச்சட்டையை அவளுக்குப் போர்த்தினான். அதன் பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

"நான் கத்தினது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"எல்லாமா?"

"எல்லாமே."

"நீயும் இவங்கள மாதிரி... என்னைப் பேய்னு நினைச்சியா? என் குரல் உனக்குத் தெரியாதா?"

இமாஸ் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். அவளுக்குச் சண்டை போடுகிற தெம்பு இல்லை. நடந்ததை மட்டும் சொன்னாள்.

"குரல் உங்க குரல்தான். வழுக்கி விழுந்ததும் மொதத் தடவை கேட்டப்ப, வாயத் திறந்துட்டேன். அப்புறந்தான் பேரு காதுல விழுந்துச்சு. நீங்க என்னிக்கு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க? வீட்டுல 'ஹே'. போன்ல 'ஹே'. ஆஸ்பத்திரியில நர்ஸு கேட்டப்பகூட 'இவங்க'ன்னுதான் சொன்னீங்க. ஆறு வருஷமா ஒரு தடவை கேட்டதில்ல. திடீர்னு காட்டுக்குள்ள இமாஸ் இமாஸ்னு அவ்ளோ ஆசையா... அதான் நீங்க இல்லன்னு உறுதியாச்சு. அதுக்கப்புறம் எவ்ளோ கத்தினாலும் பயம் கூடிக்கிட்டே போச்சு. 'ஹே'ன்னு ஒரு தடவை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

கோகோம் ஏதோ சொல்லப்போய் நிறுத்திக்கொண்டாள். அவள் அப்படி நிறுத்திக்கொண்டதை நினிங் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தாள்.

ஓமான் திரும்பிக் குனிந்து முதுகைக் காட்டினான். இமாஸ் ஏறிக்கொண்டாள். மீதி மரங்களைப் பற்றி யாரும் பேசவே இல்லை, இறங்கினார்கள். பனி விலகாமலே கூட வந்தது. நினிங் முன்னால் நடந்து, வழுக்கும் வேர்களையெல்லாம் காலால் தட்டிக் காட்டினாள். பின்னால் அக்காவின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அது கொஞ்சம் தடித்தால் நிற்பாள், இளகினால் நடப்பாள். இரண்டு தடவை நிறுத்தி மருந்து கொடுத்தாள். மூன்றாவது முறை அழுத்தியபோது டப்பாவிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டு நடையை எட்டி வைத்தாள்.

ஓடையைத் தாண்டியதும் தோட்டத்து வாசலில் இஞ்சித் தண்ணீர் விற்கும் கடை திறந்திருந்தது. இமாஸைப் பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அங்கே பனி இல்லை. தேயிலை மீது சாயங்கால வெயில் இருந்தது. அவளுடைய உதடுகளுக்கு நிறம் வந்திருந்தது. ஓமான் கடைக்காரியிடம் ஒரு கோப்பை வாங்கி, ஊதி ஆற்றி, எடுத்துக்கொண்டு வந்தான். பெஞ்சுக்கு முன்னால் நின்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டும். அவன் வாய் திறந்தது, மூடியது. காது மடல் சிவந்தது. கடைக்காரியும் கோகோமும் நினிங்கும் மூன்று பேரும் வேறெங்கோ பார்ப்பது போல நின்றார்கள்.

"ஹே" என்றான் கடைசியில்.

இமாஸ் கண்ணைத் திறந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

அவனுடைய பெகாசி பஸ் அன்று சாயங்காலம் அவன் இல்லாமல் போனது.

வீட்டில் நினிங் முதலில் பைகளைக் காலி செய்தாள். காலியான இன்ஹேலரைச் சமையலறை மேடையில், யார் கண்ணிலும் படும்படி வைத்தாள். மாத்திரை பாதி பட்டை இருந்தது, ராத்திரிக்குப் போதும். இமாஸ் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் ஓமான் உட்கார்ந்திருந்தான். அவன் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. ஓதுகிறானா, பழகிப் பார்க்கிறானா என்று நினிங்குக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மரத்தடியில் எழுதிய குறிப்புக்குக் கீழே மிச்சமிருந்த பகுதியை எழுதினாள்.

நாளை: தொழிற்சாலைக்கு அரை நாள் விடுப்பு சொல்ல வேண்டும். சுகாதார நிலையம் திறந்ததும் தேத்தே இமாஸைக் கூட்டிக்கொண்டு போய்க் காலையும் நெஞ்சையும் காட்ட வேண்டும். இன்ஹேலர் இரண்டு கேட்க வேண்டும்.